படகுக்குப் பெற்றோல்: மண்ணெண்ணெய்ப் பழக்கம் இதற்கு உதவாது

முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்க் கரைகளிலிருந்து வந்த கேள்விகளில் எரிபொருள் பற்றியவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். வன்னியில் ஓடும் படகு இயந்திரங்களில் பல, பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டப்படுபவை. இரண்டையும் ஒரே கையால் ஊற்றி ஒரே மூலையில் வைத்துப் பழகிவிட்டோம். மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுவதற்குச் சுமார் 38 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அந்த அளவு ஆவியை விடும். மார்கழி விடியற்காலையிலும் நம் கரையில் அது பற்றத் தயாராகவே இருக்கிறது.

கரையிலுள்ள வாடிக் கொட்டிலில் வைத்தால் களவு போகிறது. அதனால் 20 லீற்றர் கானை வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் வைக்கிறேன். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. போதாதா, ஐயா?
*அளம்பில்*

போதாது, தம்பி. இன்றைக்கே அதை வெளியே எடுத்துவிடுங்கள். பகலில் சூடேறும்போது கானுக்குள் அழுத்தம் கூடும். மூடியின் றப்பர் வளையம் சற்றுத் தேய்ந்திருந்தாலும் ஆவி கசியும். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். கட்டிலுக்கு அடியில் தேங்கியது கதவிடுக்கு வழியாக அடுப்படி வரை போகும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கலந்தாலே பற்றுவதற்குப் போதும். நெருப்பு அடுப்பில் தொடங்கி, ஆவி வந்த வழியே கானுக்குத் திரும்பும். அந்தக் கட்டிலில் படுப்பவர்கள் உங்கள் பிள்ளைகள் என்றால் இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

வீட்டிலிருந்தும் அடுப்பிலிருந்தும் குறைந்தது 50 அடி தள்ளி, மர நிழலில் ஒரு சிறு கொட்டில் போடுங்கள். கூரைக்குத் தகரம் போதும், கிடுகு வேண்டாம். சுற்றிவர மூடிய சுவர் கூடாது. கம்பி வலை அடித்துப் பூட்டுப் போடுங்கள். களவுக்கும் அது தடை, ஆவியும் கீழ்ப்பக்கத்தால் வெளியேறும். சுவர்தான் வேண்டும் என்றால் காற்றுத் துவாரங்களைத் தரை மட்டத்தில் விடுங்கள். மேலே மட்டும் துவாரம் வைத்த பெட்டிக்குள் ஆவி அப்படியே படுத்திருக்கும். மணலில் குழி வெட்டிப் புதைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கூடாது. கசிந்த ஆவி குழியிலேயே தேங்கும், உப்பு ஈரம் தகரக் கானைத் தின்றுவிடும்.

ஒரு துறையில் பத்துப் படகு இருந்தால் பத்து வீட்டில் பத்துக் கான் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பொதுவில் ஒரு கம்பிவலைக் கொட்டில் கட்டிக் காவலுக்கு ஆள் வைப்பது எல்லோருக்கும் நல்லது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கிடைத்ததையெல்லாம் வீட்டுக்குள் நிறைத்து வைத்த பழக்கம் பலரிடம் இன்னும் போகவில்லை. இரண்டு மூன்று நாள் தேவைக்கு மேல் எவரும் வைத்திருக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

வெறும் சமையல் எண்ணெய்க் கான், சோடாப் போத்தல் இவற்றில் ஊற்றி வைக்கலாமா?
*நாச்சிக்குடா*

வேண்டாம். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். அன்று போத்தலைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. எரிபொருளுக்கென்று தடித்த பிளாஸ்டிக்கில் செய்த, திருகு மூடியும் றப்பர் வளையமும் உள்ள கானை வாங்குங்கள். மெல்லிய போத்தல் வெயிலில் உப்பும், மூடி நெகிழும், விழுந்தால் வெடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, பிள்ளை அதை எடுத்துக் குடித்துவிடுவது. பெற்றோலுக்குச் சிவப்பு, மண்ணெண்ணெய்க்கு நீலம் என்று நிறத்தாலேயே பிரித்து வையுங்கள். இருட்டில் கை மாறாதிருக்க, பெற்றோல் கானின் கைபிடியில் ஒரு கயிறும் சுற்றிவிடுங்கள்.

கழுத்து வரை நிரப்பவும் கூடாது. விடிய நிரப்பிய 20 லீற்றர், மதிய வெயிலில் 15 பாகை சூடேறினால் ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் பெருகும். அந்தப் பெருக்கத்துக்கு இடம் விட்டு, 20 லீற்றர் கானில் 18 அல்லது 19 லீற்றரோடு நிறுத்துங்கள்.

படகில் மிஞ்சிய மண்ணெண்ணெயை வீட்டு அடுப்புக்கும் குப்பி விளக்குக்கும் ஊற்றுகிறோம். சில நேரம் அடுப்பு குபீரென்று எரிகிறது. ஏன்?
*வட்டுவாகல்*

தங்கச்சி, இந்தக் கடிதங்களில் என்னை மிகவும் பயப்படுத்தியது உங்களுடையதுதான். அந்த மண்ணெண்ணெயில் பெற்றோல் கலந்திருக்கிறது. முன்பு பெற்றோல் வைத்த கானில் மண்ணெண்ணெய் ஊற்றியிருப்பார்கள், அல்லது ஒரே புனலை இரண்டுக்கும் பாவித்திருப்பார்கள், அல்லது தாங்கியில் மிஞ்சிய இரண்டையும் ஒரே கானில் கவிழ்த்திருப்பார்கள். கலந்தது சிறிதளவு பெற்றோல் என்றாலும் அந்த எண்ணெய் பற்றும் சூடு மிகவும் கீழே இறங்கிவிடும். நிறத்தைப் பார்த்தோ மணத்தை வைத்தோ அதை உங்களால் நிச்சயிக்க முடியாது. குப்பி விளக்கில் அது ஊற்றப்பட்டால், சுடரின் சூட்டில் குப்பிக்குள் ஆவி நிறைந்து வெடிக்கும். விளக்கைத் தட்டிவிடுவதாலேயே எத்தனையோ பேர் தீக்காயத்தோடு ஆசுப்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அதற்குள் பெற்றோலும் இருந்தால் தப்புவதற்கு நேரம் கிடைக்காது.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அதன் பிறகு மிச்சத்தைக் கொட்ட யாருக்கும் மனம் வராது என்பது எனக்கு விளங்குகிறது. மிச்சம் படகுக்கே திரும்பிப் போகட்டும். படகுக்கான எண்ணெயில் பெரும்பாலும் ஒயிலும் கலந்திருக்கும், அடுப்புத் திரிக்கும் அது கேடு. வீட்டு மண்ணெண்ணெய்க்குத் தனிக் கான், தனிப் புனல் வையுங்கள். அந்தக் கானை உங்கள் பொறுப்பிலேயே வைத்திருங்கள், படகுக்காரர் எவரும் தொட வேண்டாம்.

கடலில் வைத்தே கானிலிருந்து தாங்கிக்கு ஊற்றுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
*கொக்கிளாய்*

கூடுமானவரை கரையிலேயே, தாங்கியைப் படகிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்து ஊற்றுங்கள். படகுக்குள் சிந்தினால் ஆவி அடித்தளத்திலும் பலகைகளுக்குக் கீழும் போய்ப் படியும். கடலில் ஊற்றத்தான் வேண்டும் என்றால், இயந்திரத்தை நிறுத்திச் சூடு ஆறவிடுங்கள். விளக்கு, பீடி, மின்கலக் கம்பி எதுவும் அருகில் வேண்டாம். ஊற்றி முடித்த பிறகு அடித்தளத்தைத் துடைத்து, காற்றோட விட்டு, மணம் போன பிறகே முடுக்குங்கள். தாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகு ஓடும்போது திறந்தும், நிறுத்தி வைக்கும்போது மூடியும் இருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் எரிபொருள் குழாயைக் கழற்றிவிடுங்கள்.

எரிபொருள் நிரப்பு நிலையத்திலும் கானை மோட்டார் சைக்கிளிலோ லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியிலோ வைத்தபடி நிரப்பாதீர்கள். நிலத்தில் வைத்து, குழாய் முனை கானின் வாயைத் தொட்டபடி மெதுவாக நிரப்பினால் நிலைமின் பொறிக்கு இடமில்லை.

வாடை தொடங்கினால் இரண்டு மூன்று மாதம் படகு கரையில்தான். அதுவரை பெற்றோல் கெடாதா?
*செம்மலை*

ஒயில் கலக்காத பெற்றோல், நன்றாக மூடி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். ஒயில் கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில் என்று கலப்பவர்கள் 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர் சேர்க்கிறார்கள். அந்தக் கலவையை அன்றன்றைக்கே செய்யுங்கள். உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. படகை ஏற்றும் நாளில் எரிபொருள் குழாயைக் கழற்றி, கரையில் ஓட்டுவதற்கேற்ற குளிர்நீர் இணைப்பை இயந்திரத்துக்குக் கொடுத்து, இயந்திரம் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். காபரேற்றரில் மிஞ்சினால் பிசின் படிந்து நுண்துளைகள் அடைபடும். மழைக்குப் பிறகு பட்டறைக்கு வரும் இயந்திரங்களில் நான் அதிகம் காண்பது இதைத்தான். கெட்ட பெற்றோல் நிறம் கருத்துப் புளித்த மணம் வீசும். அடியில் தண்ணீர் நின்றால் கண்ணாடிப் பாத்திரத்தில் சிறிது எடுத்துப் பார்க்கும்போது கோடாகத் தெரியும்.

பெற்றோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுப்பது சரியா?
*விடத்தல்தீவு*

ஒருபோதும் வேண்டாம். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. கைப்பம்பு மலிவான பொருள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பற்றிக்கொண்டால் கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, தண்ணீர் அள்ளி ஊற்றினால் என்ன?
*பள்ளிமுனை*

பெற்றோல் தண்ணீரில் மிதக்கும், ஐயா. வாளியால் வீசினால் நெருப்பும் மிதந்து பரவும். சிறிய தீ என்றால் உலர்ந்த மணலை அள்ளி மூடுங்கள். கொட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும், மழையில் நனையாமல் மூடி வையுங்கள். படகில் உலர்தூள் தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் கட்டி வையுங்கள். தாங்கிக்குப் பக்கத்தில் வேண்டாம், படகின் முன்புறமான அணியப் பக்கம் வையுங்கள். தீ பின்னால் இருக்கும்போது அதைத் தாண்டிப் போய் எடுக்க முடியாது. உடுப்பில் பற்றியவரை ஓடவிடாமல் நிலத்தில் உருட்டுங்கள். அணைந்ததும் காயத்தின் மேல் குளிர்ந்த நல்ல தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். பற்பசையோ எண்ணெயோ பூச வேண்டாம்.