கன்றுக்கும் ரோட்டா, பிள்ளைக்கும் ரோட்டா: பசுவை விற்க வேண்டுமா?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பிறந்து பத்து நாளான கன்றுக்குட்டிக்கு மஞ்சளாக, தண்ணீர் போலக் கழிச்சல். சாணியைச் சோதனை அட்டையில் பார்த்த கால்நடை மருத்துவர் ரோட்டா வைரஸ் என்றார். நாலு நாள் கழித்து எங்கள் 14 மாதப் பையனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஆஸ்பத்திரியில் அவனுக்கும் ரோட்டா என்றே வந்தது. ரோட்டா தடுப்புச் சொட்டுமருந்து மூன்று தவணையும் கொடுத்திருக்கிறோம். இவனுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு என் அண்ணன் மகன் வயிற்றுப்போக்கோடு இங்கே வந்து ஒன்றாக விளையாடினான். மாமியாரோ கன்றிலிருந்துதான் ஒட்டியது, பசுவையும் கன்றையும் விற்றுவிடு என்கிறார். விற்கத்தான் வேண்டுமா?"

விற்க வேண்டாம். கழிச்சல் உள்ள கன்றை இப்போது விற்றால், வாங்குபவரின் தொழுவத்துக்கும் சேர்த்து நோயை அனுப்புவதாகிவிடும்.

இரண்டு சோதனையும் 'ரோட்டா' என்று சொன்னதுதான் குழப்பத்துக்குக் காரணம். அந்த அட்டை தேடுவது விபி6 என்ற உள்ளடுக்குப் புரதத்தை. ஏ வகை ரோட்டா வைரஸ் எல்லாவற்றிலும் அது ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், மாட்டிலிருந்து வந்தாலும் சரி, மனிதரிலிருந்து வந்தாலும் சரி. நம் ஊர் வழக்கில் சொன்னால், அட்டை வீட்டுப்பெயரை மட்டும் படிக்கிறது; அந்த வீட்டில் எந்த ஆள் என்று அதற்குத் தெரியாது.

ஆளைக் கண்டுபிடிக்க மரபணுவைப் படிக்க வேண்டும். ரோட்டா வைரஸின் மரபணுத்தொகுதி 11 துண்டுகளாக இருக்கிறது. வெளிப்புறத்து இரண்டு புரதங்களுக்கான துண்டுகளை ஆர்டி-பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை மூலம் பெருக்கிப் பார்த்து, ஒன்றுக்கு 'ஜி' எண், மற்றதற்கு 'பி' எண் கொடுப்பார்கள். பிள்ளைகளிடம் வழக்கமாகக் கிடைப்பது ஜி1-பி8, ஜி2-பி4 போன்றவை. மாடுகளில் ஜி6, ஜி10 வகைகளும், பி5, பி11 வகைகளும் அதிகம். உங்கள் பையனின் மலத்தில் ஜி1-பி8 வந்தால் கன்றின் மேல் பழி இல்லை. ஜி10-பி11 வந்தால் மாமியாரின் சந்தேகத்துக்கு இடமுண்டு. அப்போதும் இரண்டு மாதிரிகளின் மரபணு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் உறுதி.

மாமியார் சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. வேலூரில் பச்சிளம் குழந்தைகளிடம் இதே ஜி10-பி11 வகை கிடைத்திருக்கிறது. அதன் மரபணுக்களில் சில மாட்டு வைரஸைச் சேர்ந்தவை, சில மனித வைரஸைச் சேர்ந்தவை. ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸும் புகுந்தால் இப்படித் துண்டுகள் இடம் மாறும். உங்கள் பையனுக்குக் கொடுத்த சொட்டுமருந்தே ஒருவேளை இந்தக் கலப்பின் பிள்ளையாக இருக்கலாம்! ரோட்டாவாக் என்ற சொட்டுமருந்தில் இருப்பது டெல்லியில் ஒரு பச்சிளம் குழந்தையிடமிருந்து எடுத்த வைரஸ், அதில் ஒரு மரபணு மாட்டு வகை. ரோட்டாசீல் என்ற இன்னொரு சொட்டுமருந்துக்கு அடிப்படையே மாட்டு வைரஸ்தான்.

ஆனாலும் ஒரு வீட்டில் கன்றிலிருந்து நேராகப் பிள்ளைக்குத் தாவி நோய் உண்டாக்குவது அபூர்வம். தொற்றி ஒன்று முதல் மூன்று நாளில் ரோட்டா வெளியே தெரியும். இரண்டு நாள் முன்பு அண்ணன் மகன் வந்தது அதற்குள் கச்சிதமாக விழுகிறது. என்னைக் கேட்டால் முதல் சந்தேகம் அந்தப் பிள்ளை மேல்தான்.

சொட்டுமருந்து கொடுத்தும் ஏன் வந்தது? ரோட்டாவாக் மருந்தை டெல்லி, புனே, வேலூரில் சோதித்தபோது, கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் வயதில் சுமார் 56 சதவீதம் குறைத்தது. நோய் அறவே வராது என்று அர்த்தமில்லை. டிரிப் ஏற்றும் நிலைக்குப் போகாமல் இருப்பதற்குத்தான் அது. ஆகவே 6, 10, 14 வாரத் தவணைகளை அடுத்த பிள்ளைக்கும் தவறவிடாதீர்கள்.

இப்போது பையனைப் பாருங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பொட்டலம், அரை லிட்டர் என்று கண்ணளவில் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி, மெதுவாக. துத்தநாக மாத்திரை நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். இரண்டாம் நாளே பேதி நின்றாலும் முழுசாகக் கொடுங்கள். தாய்ப்பாலும் கஞ்சியும் தொடரட்டும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பேதியை நிறுத்தும் மாத்திரை இந்த வயதுக்கு ஆகாது. கண் குழிவிழுந்தால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், துவண்டு கிடந்தால், மலத்தில் ரத்தம் கண்டால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.

கன்றிடமிருந்து நான் அதிகம் பயப்படுவது ரோட்டாவுக்கு அல்ல, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு. ஒன்று முதல் மூன்று வார வயதுக் கன்றுகளுக்கு அதுவும் இதே மஞ்சள் கழிச்சலைத்தான் கொடுக்கும், மனிதருக்கு எளிதில் தொற்றும். பையனுக்குப் பேதி இரண்டு வாரம் தாண்டினால் இந்தப் பெயரைச் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் பல கிருமிகள் போகும், இது போகாது. நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. தொழுவத்துச் சாணித் தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடுகிறதா என்று மழை நேரத்தில் நின்று பாருங்கள். ஓடினால் வாய்க்காலைத் திருப்புங்கள். குடிதண்ணீர் கொதிக்கட்டும்.

கன்றைப் பார்ப்பவரும் பிள்ளைக்கு ஊட்டுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். வேறு ஆள் இல்லையென்றால் முதலில் பிள்ளை, அப்புறம் தொழுவம். தொழுவத்துக்குத் தனிச் செருப்பு. வந்ததும் முழங்கை வரை சோப்பு. கன்றுக்குப் பாலை நிறுத்தாதீர்கள், இடையிடையே உப்புச்சத்துக் கரைசல் கொடுங்கள். எழுந்து நிற்க முடியாமல் வாய் குளிர்ந்திருந்தால் கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழையுங்கள். அடுத்த கன்று ஈன்றதும் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போக வேண்டும்.

மலத்தை வகை பார்க்க அனுப்ப வேண்டுமா? சிகிச்சைக்கு அவசியமில்லை. மருத்துவர் கேட்டால், பேதி தொடங்கிய முதல் சில நாள் மாதிரியை, ஃபார்மலின் எதுவும் ஊற்றாமல், மூடி இறுகிய டப்பாவில் ஐஸ் வைத்துக் கொடுங்கள். கன்றின் சாணியையும் தனி டப்பாவில் சேர்த்துக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும்.