கேலரியில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. இந்த சீசனில்தான் கால்பந்து கிளப்பின் சீனியர் அணியில் ரைட் பேக்காக, அதாவது வலப்பக்கத்து டிஃபண்டராக, இடம் பிடித்தான். பந்தோடு ஓரமாக ஏறினால் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. ஓடிக்கொண்டே அவன் போடும் கிராஸ் சரியாக ஃபார்வர்டின் நெற்றிக்கு வந்து சேரும். ஆனால் அவன் ஏறிப்போன பிறகு அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. எதிரணிகள் அதைத் தெரிந்துகொண்டு அங்கேயே பந்தைப் போடுகின்றன. கடைசி ஆறு ஆட்டங்களில் நான்கு கோல் அவன் பக்கமாக வந்தது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். 'இவனுக்கு டிஃபன்ஸ் வராது, முன்னே ஓரத்தில் ஆடுகிற விங்கராக மாற்று' என்கிறது ஒரு கட்சி. 'சின்ன வயசு, கற்றுக்கொள்வான்' என்கிறது இன்னொன்று. நானும் சில வருடம் டிஃபன்சின் நடுவில், சென்டர் பேக்காக ஆடியவன். அவன் தப்பு எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போய் ரசிகர்களோடுதான் உட்காருவேன். அவன் அண்ணன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் அவனைத் திட்டும்போது சும்மா தலையாட்டிவிடுவேன். ஆட்டம் முடிந்ததும் அவன் செய்த தப்புகளை எழுதி போனில் அனுப்புவேன். ஒரு மாதமாக அவன் பதில் போடுவதில்லை. எங்களுக்கு அப்பா இல்லை. சின்ன வயதில் அவனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனது நான்தான். விங்கராக மாறச் சொல்லி அவனை வற்புறுத்தலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத அண்ணன்

பதில்:

'சும்மா தலையாட்டிவிடுவேன்.'

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் இந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முன்னாலும் பின்னாலும் ஒரே ஆட்டக் கணக்கு. காலி இடம், கிராஸ், ஆறு ஆட்டம், நான்கு கோல். நடுவில் இது. உங்கள் தம்பியை ஒருவன் திட்டுகிறான், நீங்கள் அவன் அண்ணன் என்பதை மறைத்துக்கொண்டு தலையாட்டுகிறீர்கள். இதில் 'சும்மா' எங்கே இருக்கிறது?

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒருவர் வீட்டில் பிள்ளை பாடும், ஒருவர் வீட்டில் தொழில் தொடங்கும், இன்னொருவர் வீட்டில் மேடை ஏறிப் பேசும். ஒரு பிள்ளை நாலு பேர் பார்க்க ஒரு காரியத்தைச் செய்ய ஆரம்பித்ததும், வீட்டில் மூத்தவர் ஒருவர் மெல்ல எழுந்து போய் அந்த நாலு பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அங்கிருந்து பார்த்தால் பிள்ளையின் குறைகள் தெளிவாகத் தெரிகின்றன. அதை அக்கறை என்று நினைத்து எனக்கு எழுதுகிறார்.

நீங்கள் சென்டர் பேக். அதனால் ஒரு விஷயம் உங்களுக்குத் தோன்றாமல் போயிருக்கலாம். நடுவில் ஆடுகிறவனுக்குக் கூட்டத்தின் சத்தம் மொத்தமாக, ஒரு இரைச்சலாகத்தான் வந்து சேரும். ரைட் பேக், லெஃப்ட் பேக் என்று ஓரத்தில் ஆடும் ஃபுல் பேக்குக்கு அப்படி இல்லை. அவன் கோட்டை ஒட்டியே ஓடுகிறவன். த்ரோ எறிய வரும்போது கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். இரண்டு பாதியில் ஒரு பாதி முழுக்க உங்கள் கேலரி அவனுக்குச் சில அடி தூரம்தான். நான் பத்து வருடத்துக்கு மேல் லெஃப்ட் பேக்காக ஆடினேன். யார் என்ன சொன்னார்கள் என்பது வார்த்தை வார்த்தையாகக் காதில் விழும். யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். என் அக்காவுக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் நான் பந்தைத் தவறவிட்ட ஒவ்வொரு முறையும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். வேறு எதுவும் சொல்ல மாட்டாள், பெயர் மட்டும்தான். அத்தனை சத்தத்திலும் அந்தக் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும்.

உங்கள் தம்பி உங்களைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறீர்களா? சின்ன வயதிலிருந்து அவனை மைதானத்துக்குக் கூட்டிப்போன அண்ணன் எங்கே உட்காருவார் என்று அவனுக்குத் தெரியாதா? ஒரு மாதமாக அவன் பதில் போடாததற்கு என்ன காரணம் என்று நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை. விங்கராக்கலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

சரி, அதற்கும் வருகிறேன். ரசிகர்களின் இரண்டு கட்சியையும் எடுத்துக்கொள்வோம்.

'முன்னே அனுப்பு' என்கிற கட்சிக்கு கேரத் பேல் இருக்கிறார். 2007-இல் டோட்டன்ஹாமுக்கு வந்தபோது அவர் லெஃப்ட் பேக். அவர் களமிறங்கிய முதல் 24 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அணி ஜெயிக்கவில்லை. ராசியில்லாதவன் என்றே பேசினார்கள். பிறகு அவரை முன்னே நகர்த்தினார்கள். 2010 அக்டோபரில் இன்டர் மிலானுடன் அவர்கள் மைதானத்திலேயே, அணி நான்கு கோல் பின்தங்கியிருந்தபோது, தனியாளாக மூன்று கோல் அடித்தார். 2013-இல் ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது.

எதிர்க்கட்சிக்கு பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ். அதே இன்டர் மிலானில் 1995-96 சீசனில் அவரை முன்னே தள்ளி ஆடவிட்டார்கள். தன் இடம் அது இல்லை என்பதால்தான் வெளியேறியதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ரியல் மாட்ரிட்டுக்குப் போய் லெஃப்ட் பேக்காகவே பதினொரு வருடம் ஆடினார். மூன்று சாம்பியன்ஸ் லீக், 2002-இல் உலகக் கோப்பை. அப்புறம் அல்போன்சோ டேவிஸ். விங்கராக பயர்ன் மியூனிக்குக்கு வந்தவர். 2019-இல் டிஃபண்டர்கள் அடுத்தடுத்துக் காயப்பட்டதால் லெஃப்ட் பேக் இடத்தில் நிறுத்தினார்கள். மறு வருடம், உங்கள் தம்பியின் வயதிலேயே, சாம்பியன்ஸ் லீக் வென்ற அணியில் இருந்தார்.

ஒருவரை முன்னே தள்ளியது சரியாகப் போயிற்று, இன்னொருவரைத் தள்ளியது தப்பாகப் போயிற்று, மூன்றாமவரைப் பின்னே இழுத்தது சரியாகப் போயிற்று. 19 வயதில் இவர்களில் யாரைப் பார்த்து யார் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும்? தினமும் பயிற்சியில் கூடவே நின்று பார்க்கிற கோச்சுக்குத்தான் அந்தக் கணிப்பில் ஓரளவாவது உரிமை உண்டு. கேலரிக்குக் கிடையாது. கேலரியில் உட்கார்ந்திருக்கும்வரை உங்களுக்கும் கிடையாது. அதனால் வற்புறுத்தாதீர்கள். 

உங்கள் தம்பியைப் போன்றவர்களைப் பற்றிய இந்தச் சண்டையை இந்தத் தலைமுறையில் அதிகம் இழுத்துவிட்டவர் ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட். மிட்ஃபீல்டராக வளர்ந்து லிவர்பூலில் ரைட் பேக் ஆனவர். 2018-19 சீசனில் பிரீமியர் லீகில் 12 கோல்களுக்கு வழி அமைத்தார். ஒரு டிஃபண்டருக்கு அது அப்போது சாதனை. அடுத்த சீசனில் 13. அதே ஆள், 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் தன் முதுகுக்குப் பின்னால் ரியல் மாட்ரிட்டின் வினிசியஸ் வந்து நிற்பதைக் கவனிக்காமல் விட்டார். மாட்ரிட்டின் வலப்பக்கத்திலிருந்து, அதாவது ட்ரென்ட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, வால்வெர்டே போட்ட பந்து குறுக்கே வந்தது, வினிசியஸ் தட்டினார், ஒரே கோலில் கோப்பை போயிற்று. அன்றைக்கு உலகமே அவரைத் திட்டியது. அதற்குள் அவர் ஒரு சாம்பியன்ஸ் லீகும் ஒரு பிரீமியர் லீகும் ஜெயித்திருந்தார். பலமும் பலவீனமும் ஒரே பையனிடம்தான் இருந்தன. கோச் அந்தப் பலத்தைச் சுற்றி அணியை அமைத்தார், பலவீனத்துக்கு மற்றவர்களைக் காவல் வைத்தார்.

இந்தக் காவலைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. ரைட் பேக் ஏறிப்போனால் அவன் விட்ட இடத்தை யார் பார்க்க வேண்டும்? டிஃபன்சுக்கு முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டர் அந்தப் பக்கம் நகர வேண்டும். வலப்பக்கத்து சென்டர் பேக் வெளியே வர வேண்டும். லெஃப்ட் பேக் ஏறாமல் உள்ளே ஒதுங்கி மூன்றாவது ஆளாக நிற்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததா? சென்டர் பேக்காக ஆடிய உங்கள் வேலையில் பாதியே இதுதான். ஆனாலும் நான்கு கோலையும் 'அவன் பக்கமாக வந்தது' என்று எழுதிவிட்டீர்கள். ஒரு கோலில்கூட சென்டர் பேக் எங்கே நின்றான் என்று எழுதவில்லை. இடம் காலியாக இருந்தால் ஏறிப்போனவன்தான் கண்ணில் படுவான். மூடியிருக்க வேண்டியவனைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். கேலரிக்குத் தேடத் தோன்றாது, உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவனிடம் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இப்படி ஆடுகிற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே மாதிரிக் குறைகள்தான். விங்கர் எதிரே வரும்போது நேருக்கு நேராக, இரண்டு காலும் ஒரே வரிசையில் நிற்பார்கள். உடம்பைச் சற்றுத் திருப்பிப் பக்கவாட்டில் நின்றால்தான் எந்தப் பக்கம் போனாலும் கூட ஓட முடியும். பொறுத்திருந்து பின்வாங்க வேண்டிய நேரத்தில் காலை நீட்டிவிடுவார்கள், விங்கர் ஒரே தொடுதலில் தாண்டிப் போய்விடுவான். திரும்பி ஓடும்போது பந்தைத் துரத்துவார்கள். ஓட வேண்டியது தங்கள் கோலுக்கும் எதிராளிக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்கு. எதிர்ப்பக்கத்திலிருந்து கிராஸ் வரும்போது பந்தையே பார்த்துக்கொண்டு நின்று, செகண்ட் போஸ்டில், அதாவது பந்து வரும் பக்கத்துக்குத் தூரத்துக் கோல் கம்பத்தில், முதுகுக்குப் பின்னால் வருகிறவனை விட்டுவிடுவார்கள். ட்ரென்ட்டுக்கு நேர்ந்ததும் இதுதான். இதெல்லாம் மைதானத்தில் மறுபடி மறுபடி செய்து பழக வேண்டியது. எதிரே ஒருவன் பந்தோடு வர வேண்டும், ஏமாற வேண்டும், மறுபடி நிற்க வேண்டும். போனில் எழுதி அனுப்பி ஒருவனும் இதைக் கற்றுக்கொண்டதில்லை.

ஏறுகிற நேரம் மட்டும் வேறு மாதிரி. அதைப் பேசிப் புரியவைக்கலாம். கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். ஆள் போதுமென்றால் போகலாம், போதாதென்றால் நிற்க வேண்டும். ஆனால் ஒன்று, பின்னால் ஆள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை இல்லாத பையன் இரண்டில் ஒன்றுதான் செய்வான். ஏறவே மாட்டான், இல்லையென்றால் யாரையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவான். உங்கள் தம்பி இரண்டாவது ரகம் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

அப்பா இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பையனைப் பொறுத்தவரை நீங்கள் வெறும் அண்ணன் இல்லை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு மூத்தவன் தகப்பன் இடத்தில் நிற்க வேண்டும் என்று நம்புகிறவன் நான். இந்தக் காலத்தில் இதைச் சொன்னால் பழைய ஆள் என்பார்கள், சொல்லட்டும். தகப்பன் பிள்ளையைக் கண்டிக்கலாம், அடுத்தவன் ஏசும்போது தலையாட்டக் கூடாது. ஊரே ஏசினாலும் கூடாது, அந்த ஏச்சில் நியாயம் இருந்தாலும் கூடாது. தப்பை வீட்டில் பேசலாம், மைதானத்தில் பேசலாம், அவன் முகத்தைப் பார்த்துப் பேசலாம். அந்நியன் ஒருவன் பேசும்போது நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: 'அவன் என் தம்பி.' சண்டை போட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். சொல்லிவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்.

நீங்கள் ஏன் இதை மறைத்தீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. அவன் தடுமாறும்போது உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. முன்பு ஆடியவர் நீங்கள், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள், அவன் தப்பு உங்கள் தப்பாகத் தெரிந்துவிடுமோ என்று பயம். அந்த வெட்கத்தின் பாரத்தை 19 வயதுப் பையன் தலையில் இறக்கிவைத்திருக்கிறீர்கள். ஏற்கெனவே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவனோடு பேச ஆள் இல்லை.

அதனால் இனி ஒரு குறிப்பும் அனுப்பாதீர்கள். அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள், அவன் எந்தப் பாதியில் உங்கள் பக்கம் ஓடுவான் என்று பார்த்து, கோட்டுக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் உட்காருங்கள். அவன் பந்தைத் தவறவிட்டால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நன்றாக ஆடினாலும் கூப்பிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் அதைப் பற்றி நீங்களாக எதுவும் பேசாதீர்கள். அவனே ஆரம்பித்தால் கேளுங்கள், அப்போதும் முதல் கேள்வி 'அந்த நேரத்தில் உனக்குப் பின்னால் யார் இருந்தார்கள்?' என்பதாக இருக்கட்டும்.

தலையாட்டியதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள். அவனுக்குத் தெரிந்திருந்தாலும் உங்கள் வாயால் சொல்லுங்கள். சமாதானம் சொல்ல வேண்டாம், 'தப்பு செய்துவிட்டேன்டா' என்று சொன்னால் போதும். கோபப்படுவான், படட்டும். இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம், இருக்கட்டும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பந்தை எடுத்துக்கொண்டு அவனை மைதானத்துக்குக் கூப்பிடுங்கள். விங்கர் மாதிரி நீங்கள் ஓரமாகப் பந்தைக் கொண்டு வாருங்கள், அவன் தடுக்கட்டும். உங்களுக்கு வேகம் குறைந்திருக்கும், பரவாயில்லை, அவன் நிற்கிற விதத்தைச் சரிசெய்ய அது போதும். அப்புறம் இடம் மாறிக்கொள்ளுங்கள். அவன் ஏறி வரட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.