பெரிய மனிதர் யாரையும் தெரியாதா?

கேள்வி: கல்லூரியில் கடைசி செமஸ்டர். நாலு மாதமாக வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு பதிலும் இல்லை. எங்கள் வீட்டில் பெரிய மனிதர் யாரையும் தெரியாது. சிபாரிசு இல்லாமல் முதல் வேலை கிடைக்குமா, ஐயா?

பதில்: கிடைக்கும். ஆனால் பெரிய மனிதர் என்று எழுதினீர்கள் பாருங்கள், அதை அப்படியே விட எனக்கு மனசில்லை. வேலை தேடும் பிள்ளைகளை இந்த நம்பிக்கை படுத்தும் பாடு கொஞ்சமில்லை.

1900-ல் சூரிச்சில் பட்டம் வாங்கிய ஐன்ஸ்டைனுக்கு வேலை கிடைக்கவில்லை. பேராசிரியர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அவர்களில் ஒருவர் லைப்சிக்கில் இருந்த வேதியியல் அறிஞர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். அன்றைக்கு ஐரோப்பா முழுக்கத் தெரிந்த பெயர். இரண்டு முறை எழுதியும் பலனில்லை. 1901 ஏப்ரலில் ஐன்ஸ்டைனின் அப்பா ஹெர்மான், மகனுக்குத் தெரியாமல் அதே ஆஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் போட்டார். பையன் மனம் நொந்து கிடக்கிறான், ஊக்கமாக நாலு வரி எழுதுங்கள், முடிந்தால் உதவியாளர் வேலை கொடுங்கள் என்று கேட்டார். அவரே வியாபாரத்தில் நொடித்துப்போயிருந்த மனிதர். அந்தக் கடிதத்தாலும் வேலை வரவில்லை.

வேலை வந்த வழி வேறு. கூடப் படித்த மார்செல் கிராஸ்மன் தன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அப்பாவுக்கு பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தின் இயக்குநரைத் தெரியும். அங்கே இடம் காலியானபோது முறைப்படி விளம்பரம் வந்தது, ஐன்ஸ்டைன் விண்ணப்பித்தார், 1902 ஜூனில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப அலுவலராகச் சேர்ந்தார். உலகப் புகழ் பெற்றவரால் நடக்காதது, நண்பனின் அப்பாவால் நடந்தது. (ஆஸ்ட்வால்டைக் குறை சொல்லவில்லை. ஐன்ஸ்டைனின் பெயரை நோபல் பரிசுக்கு முதன்முதலில் முன்மொழிந்தவர் அவர்தான், 1910-ஆம் ஆண்டுப் பரிசுக்கு. அதற்குள் ஐன்ஸ்டைன் பேராசிரியராகிவிட்டார்.)

இது ஒருவருக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டு 1973-ல் எழுதினார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 17 சதவீதம் பேர்தான். எப்போதாவது பார்ப்பேன் என்றவர்கள் 56 சதவீதம், அபூர்வமாக என்றவர்கள் 28 சதவீதம். காரணம் எளிது. உங்கள் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எல்லோரும் ஒரே அறிவிப்புப் பலகையைத்தானே பார்க்கிறீர்கள். வேறு இடத்துச் செய்தி, வேறு இடத்தில் புழங்குகிறவரிடம்தான் இருக்கும். லிங்க்டுஇன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்து நடத்தி, 2022-ல் வெளியான ஆய்விலும், நெருங்கிய உறவைவிட மிதமான பழக்கமே வேலை மாற அதிகம் உதவியது என்று தெரிந்தது.

ஆகவே உங்கள் கல்லூரியில் ஒன்றிரண்டு வருடம் முன்னால் படித்துவிட்டுப் போனவர்கள், புராஜெக்ட் செய்த இடத்தில் பழகியவர்கள், நண்பர்களின் அண்ணன், அக்கா எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். அவர்களிடம் வேலை கேட்காதீர்கள். கேட்டால் சங்கடப்பட்டு, "பார்க்கலாம்" என்பார்கள், அத்தோடு சரி. இப்படி எழுதிப் பாருங்கள்: "அக்கா, நான் நீங்கள் படித்த துறையில் கடைசி வருடம். நீங்கள் சோதனைப் பிரிவில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் என்ன வேலை கொடுக்கிறார்கள்? அதற்கு நான் இப்போதே எதைப் பழக வேண்டும்? பதினைந்து நிமிடம் பேச முடியுமா?" தான் செய்யும் வேலையைப் பற்றிச் சொல்ல யாருக்கும் பிடிக்கும். இடம் காலியாகும்போது உங்கள் நினைப்பு வரும்.

தகுதியுள்ளவனைத் தள்ளிவிட்டு வேண்டியவனை உட்கார வைக்கும் சிபாரிசை நான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன். இன்ன இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவர் சொல்வதும், இந்தப் பிள்ளை ஒழுங்காக உழைக்கும் என்று இன்னொருவர் சொல்வதும் அந்தக் கணக்கில் சேராது. அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். ஆனால் வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்பவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-லேயே வகுத்த பொது விதி.

அப்புறம், உங்கள் பயோடேட்டா. அதன் தலையில், "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன்" என்று இருந்தால் இன்றைக்கே அடித்துவிடுங்கள். இந்த வாக்கியத்தோடு எனக்குப் பழைய பகை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பயிற்சியாளர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார், பரவாயில்லை. லியனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய வேலை விண்ணப்பத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. தூக்கிப்போகக்கூடிய பாலம், அகழித் தண்ணீரை வடிக்கும் வழி, பீரங்கி, மூடிய போர்த்தேர் என்று தன்னால் செய்ய முடிந்ததை வரிசையாகச் சொல்கிறார். ஓவியம் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. ஸ்ஃபோர்ஸாவின் கவலை யுத்தம் என்று தெரிந்து எழுதிய கடிதம் அது. நீங்களும் செய்ததைச் சொல்லுங்கள். "நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறதா என்று போனிலேயே பார்க்க ஒரு செயலி எழுதினேன், எங்கள் வகுப்பு பயன்படுத்துகிறது" என்ற ஒரு வரி, அந்தச் சவாலான சூழலை விட ஆயிரம் மடங்கு மேல்.

நாலு மாதமாகப் பதிலே இல்லை என்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. எங்கள் அலுவலகத்தில் திருப்பி அனுப்பும் கதைக்கும் ஒரு வரி பதில் போகாமல் இருக்காது. எழுதியவர் காத்திருப்பார் என்று எங்களுக்குத் தெரியும். ஆள் எடுக்கும் அதிகாரிகள் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள் என்பதும் தெரியும். நேர்காணலுக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, "சொல்லி அனுப்புகிறோம்" என்று அனுப்பினீர்கள் அல்லவா? சொல்லி அனுப்புங்கள். இடம் நிரம்பிவிட்டது என்றாவது எழுதுங்கள்.