பாராமகால் பார்த்தவர் போட்ட தோட்டம்

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன், செசின்கோட் என்ற மாளிகையின் படங்களை அனுப்பினான். பச்சை நிறக் குவிமாடம், தோட்டத்துப் பாலத்தின் மேல் நந்தி! வெள்ளைக்காரர் வீட்டில் இதெல்லாம் எப்படி வந்தது?
- வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: உங்கள் மகன் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறார் அம்மா. க்ளாஸ்டர்ஷையரில் இருக்கும் அந்த மாளிகைக்கும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் ஒரு உறவு உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்துச் சம்பாதித்துத் திரும்பிய சார்லஸ் காக்கரெல், 1805 வாக்கில் அதைக் கட்ட ஆரம்பித்தார். கட்டடக் கலைஞர் அவருடைய அண்ணன் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல். பச்சையாகத் தெரிவது செம்புக் குவிமாடம். மழையும் காற்றும் பட்டு நிறம் மாறிவிட்டது. வெளியே முகலாய பாணி, உள்ளே போனால் முழுக்க ஆங்கிலேய வீடு. 1807இல் வந்து பார்த்த இங்கிலாந்து இளவரசர் ஜார்ஜ்தான் பிறகு பிரைட்டன் நகரில் குவிமாட அரண்மனை எழுப்பினார்.

எனக்கு மாளிகையைவிடத் தோட்டம்தான் பெரிது. நந்திப் பாலம், சூரியன் கோயில், மரத்தண்டில் சுற்றிய மூன்று தலை நாகத்தின் நீரூற்று ஆகியவற்றுக்கு யோசனை சொன்னவர் தாமஸ் டேனியல் என்ற ஓவியர். 1792இல், மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு, சகோதரர் மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு நம் பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியின் பழைய பெயர்) வழியாக வந்தவர் அவர். இராயக்கோட்டையை ஆங்கிலேயர் பிடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் கோட்டையையும் ஜகதேவி மலைக்கோட்டையையும் வரைந்தார்கள். ஊர் திரும்பியதும் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டார்கள்.

மொட்டைப் பாறை, அதன் உச்சியில் மதில், கீழே புதர்க்காடு: இராயக்கோட்டைப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கும் அந்த மலையை அப்படியே அடையாளம் காணலாம். செசின்கோட்டில் நம் மலைக்கோட்டையின் சாயல் துளியும் இல்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். கட்டியவர்களுக்கு வடக்கின் குவிமாடமும் வளைவும் போதுமானதாக இருந்தது.

1944இல் மாளிகை கிளைன்வொர்ட் குடும்பத்தின் கைக்குப் போனது. அவர்கள்தான் தோட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். மகன் அடுத்த முறை போனால் பாலத்துக்குக் கீழே இறங்கச் சொல்லுங்கள். நாக நீரூற்று அங்கேதான் இருக்கிறது. நீங்கள் டேனியலின் படத்தை செல்போனில் வைத்துக்கொண்டு இராயக்கோட்டைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.