வேன் ஃபிரிட்ஜைச் சுற்றி ஈரமும் பூசணமும்: கேள்வி பதில்

பழைய டிராவலர் வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் பொருத்தி கேம்பர் வேனாக மாற்றிக்கொள்கிறவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் இருக்கிறார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் அவர்கள் எல்லோருக்கும் ஒரே புகார்தான்: ஃபிரிட்ஜுக்குக் கீழே ஈரம், பின்னால் கறுப்புப் பூசணம். வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணா, ஃபிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் பிளைவுட் எப்போது தொட்டாலும் ஈரமாக இருக்கிறது. ஃபிரிட்ஜ் ஒழுகுகிறதா, மழைத் தண்ணீரா, எப்படிக் கண்டுபிடிப்பது?

"எப்போது தொட்டாலும்" என்கிறீர்களே, அங்கேதான் சந்தேகம். ஒரு நாள் முழுக்க நேரம் பார்த்துத் தொட்டுப் பாருங்கள் தம்பி. விடியற்காலையில் ஈரமாக இருந்து நண்பகலுக்குள் காய்ந்துவிட்டால் அது காற்றிலிருந்து படியும் தண்ணீர். மழைக்குப் பிறகோ வண்டியைக் கழுவிய பிறகோ நனைந்தால் வெளியிலிருந்து புகுகிறது. வெயில், மழை, இரவு, பகல் என்ற வித்தியாசமே இல்லாவிட்டால் ஃபிரிட்ஜின் வடிகுழாய் அல்லது பக்கத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, முகப் பவுடரை மெல்லியதாகத் தூவிவிடுங்கள். சொட்டு எங்கிருந்து இறங்கியது என்பதற்கு அதுவே கோடு போட்டுக் காட்டும். பிளைவுட்டின் மேல் கையகலக் கண்ணாடி பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டுங்கள். மறுநாள் தாளின் மேற்புறம் நனைந்திருந்தால் குற்றவாளி காற்று. உட்புறம் முத்து முத்தாக நின்றால் ஈரம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது, அடியிலிருந்து ஏறுகிறது. கடைசியாக, ஃபிரிட்ஜின் உள்ளே பின்சுவரில் இருக்கும் சிறு வடிதுளையில் கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றுங்கள். அந்தச் சிவப்பு பலகையில் தெரிந்தால் குழாய் கழன்றிருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது.

மழைக் கசிவைத் தேடும்போது ஹோஸ் தண்ணீரைக் கீழிருந்து மேலாகத்தான் அடிக்க வேண்டும். ஒவ்வொரு உயரத்திலும் சில நிமிடம் நிறுத்துங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். எடுத்த எடுப்பில் கூரையில் அடித்தால் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் வழிந்து, எது ஓட்டை என்பதே தெரியாமல் போய்விடும்.

கடலூர் முதுநகரிலிருந்து: மழையே இல்லாத சித்திரையில்கூடக் கதவின் ஓரம் வியர்க்கிறது. ஃபிரிட்ஜைக் குளிரவைக்கும் கேஸ் குறைந்துவிட்டது என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார்.

கேஸ் குறைந்தால் குளிர்ச்சிதான் குறையும். வியர்வைக்கு முதலில் கதவு ரப்பரைப் பாருங்கள், பிறகு பணத்தை எடுங்கள்.

நம் கடற்கரைக் காற்றில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது, 26 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பின் மேலும் தண்ணீர் படியும். நான்கே டிகிரி வித்தியாசம். ரப்பரில் ஒரு சிறு இடைவெளி வழியாகக் குளிர் கசிந்தால் போதும், அந்த ஓரம் 26-ஐத் தாண்டி இறங்கிவிடும். கதவை அடிக்கடி திறப்பதால் என்று பலர் வீட்டில் குழந்தைகளைத் திட்டுகிறார்கள். 90 லிட்டர் ஃபிரிட்ஜை ஒருமுறை திறந்து உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறினாலும் உள்ளே போய்ப் படியும் தண்ணீர் ஏறத்தாழ ஒன்றரை கிராம்தான். ஒட்டாத ரப்பர் அப்படியில்லை. இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். நான்கு பக்கமும், ஒவ்வொரு சாணுக்கும் ஒருமுறை. நோட்டு பிடிப்போடு வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ஓட்டை. வண்டி ஃபிரிட்ஜில் பெரும்பாலும் கீல் இல்லாத பக்கத்தின் கீழ்மூலைதான் விட்டுக்கொடுக்கும். சாலைக் குலுக்கலில் கீல் இறங்கிக் கதவு தொங்கியிருக்கும். கீல் திருகை இறுக்கிவிட்டு, ரப்பரின் மடிப்புகளைச் சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு கழுவுங்கள். நசுங்கிய இடத்தில் வெந்நீரில் பிழிந்த துணியை ஒற்றினால் ரப்பர் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வரும். வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: துடைத்துத் துடைத்துக் கை வலிக்கிறது. ஃபிரிட்ஜ் பக்கத் தரை பிசுபிசுப்பு போகவே இல்லை.

உப்பு. சில்வர் பீச் பக்கம் வண்டியை நிறுத்துகிறீர்கள் அல்லவா? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். வெறும் ஈரத்துணி அந்த உப்பைப் பரப்பிவிடுகிறதே தவிர அகற்றுவதில்லை. நல்ல தண்ணீரில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் வாளித் தண்ணீரை மாற்றித் துடையுங்கள். ஃபிரிட்ஜின் பின்பக்க இரும்புக் குழாய்களையும் மறக்காதீர்கள்.

சின்ன வீராம்பட்டினத்திலிருந்து: எங்களுடையது சமையல் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ். வண்டியின் வெளிப்பக்கம் இருக்கும் இரண்டு ஜன்னல் போன்ற தட்டிகள் வழியாக மழை புகுகிறது. சிலிக்கான் பூசி நிரந்தரமாக அடைத்துவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

கேஸ் ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. சிறு தீச்சுடரின் சூட்டில் அம்மோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் சுழன்றுதான் குளிர் உண்டாகிறது. கீழ்த்தட்டி வழியாகக் காற்று நுழைந்து, சூடாகி, மேல்தட்டி வழியாக வெளியேற வேண்டும். அடைத்துவிட்டால் குளிர்ச்சி போவது சின்ன நஷ்டம். எரிந்த புகை வண்டிக்குள் திரும்பும். அதில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் மணமே தெரியாமல் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஈரம் வெளியேறவும் அந்தத் தட்டிகளே வழி: ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் அதிகமான நீராவி உண்டாகிறது. அதை வண்டிக்குள் விட்டுவிட்டுப் பூசணத்தைத் திட்டிப் பயனில்லை.

அடைக்க வேண்டிய இடம் வேறு. ஃபிரிட்ஜின் உடலுக்கும் அது உட்கார்ந்திருக்கும் அலமாரிக்கும் நடுவே, நீங்கள் படுத்துறங்கும் பக்கம் இருக்கும் இடைவெளியை முழுக்க அடையுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் பின்னறை வெளியோடு மட்டுமே பேச வேண்டும், உங்களோடு அல்ல. தட்டிகளுக்கு வெளியே மழை மறைப்பு பொருத்துங்கள். பின்னறையின் அடித்தளத்தை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக்கி உலோகத் தகடு போட்டால் புகுந்த தண்ணீர் தானே வெளியேறிவிடும். வடகிழக்குப் பருவமழையில் தட்டி இருக்கும் பக்கத்தைக் கடலுக்குக் காட்டி வண்டியை நிறுத்தாதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அதுபோன்ற காற்றில் மழை படுக்கைவாட்டில் அடிக்கும். எந்தத் தட்டியும் தாங்காது. அப்போது கேஸையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு வெளியிலிருந்து பிளாஸ்டிக் ஒட்டலாம். ஒட்டியதை நீக்காமல் ஃபிரிட்ஜைப் பற்றவைக்கக் கூடாது என்று அடுப்பின் மேல் சீட்டு எழுதி வையுங்கள்.

பின்னறையில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடித்தாலோ அது பூசண விவகாரம் அல்ல. அணைத்துவிட்டு, வண்டியைத் திறந்து போட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நெல்லித்தோப்பிலிருந்து ஓர் அம்மா: பூசணத்துக்குப் பிளீச்சிங் பவுடரும் வினிகரும் கலந்து பூசச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம் அம்மா. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வேன் போன்ற குறுகிய இடத்தில் மூச்சு முட்டிவிடும். பிளைவுட்டில் பிளீச்சிங் தனியாகவும் பெரிதாக உதவாது. மேல் கறுப்பை வெளுக்க வைக்கும். தண்ணீர் மட்டும் மரத்துக்குள் இறங்கும். என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, மின்விசிறியை நேராக வைத்து நன்றாகக் காயவிடுங்கள். உலர்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் வித்துகள் வண்டி முழுக்கப் பறக்கும். ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்தும்போது பலகை உள்வாங்கினால் அதை வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான். புதிதாகப் போடும்போது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள், வெட்டிய ஓரங்களுக்கும் வார்னிஷ் அடியுங்கள். தண்ணீர் குடிப்பது ஓரங்கள்தான்.

உழவர்கரையிலிருந்து: சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதாதா?

மூடிய டப்பாவுக்குப் போதும். காற்று வந்து போகும் அறைக்கு, கடலை வற்றவைக்கும் வேலை.

காலாப்பட்டிலிருந்து: கம்ப்ரசர் ஃபிரிட்ஜைச் சுற்றி இருக்கும் வெற்றிடத்தில் ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) அடைக்கலாமா?

பக்கவாட்டில் இன்சுலேஷன் வைக்கலாம்; ஆனால் ராக்வூல் நனைந்தால் காய நாளாகும், அதனால் தண்ணீர் ஏறாத கெட்டி நுரைப் பலகையாகப் பாருங்கள். சில ஃபிரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடும். ஓடும்போது பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அங்கே எதையும் ஒட்டாதீர்கள். பின்பக்கம் கம்ப்ரசர் இருக்கும் இடத்தில் எதுவுமே வேண்டாம், காற்று போகட்டும். ஃபிரிட்ஜை வாங்கும் முன் அதன் விவரத் தகட்டில் வெப்பப் பிரிவையும் பாருங்கள். 'என்' என்றால் சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரி வரைக்கும், 'எஸ்டி' 38 வரைக்கும், 'டி' 43 வரைக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் மூடிய வேனுக்கு 'டி' மட்டுமே சரிப்படும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: சில வாரங்கள் வண்டியை எடுக்கவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே கறுப்புப் புள்ளிகள், குமட்டும் நாற்றம்.

அணைத்த ஃபிரிட்ஜை மூடி வைத்தால் அப்படித்தான் ஆகும். சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் உட்புறத்தைக் கழுவி, இரண்டு நாள் திறந்து போடுங்கள். இனி வண்டியை நிறுத்தும்போது பனிக்கட்டி முழுக்க உருகிய பிறகு துடைத்து, கதவு தானாக மூடிக்கொள்ளாதபடி இடையில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். கழுவியும் நாற்றம் போகவில்லை என்றால் ஃபிரிட்ஜின் பின்னால், கம்ப்ரசருக்கு அருகில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பாருங்கள். வடிதண்ணீர் அங்கேதான் தேங்கும். அதைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.