அவளே சொல்லிவிட்டாள்

கேள்வி: எனக்கு 19 வயது. இரண்டாவது முயற்சியில் நீட் தேறியிருக்கிறேன். அரசுக் கல்லூரிக்கு மதிப்பெண் போதாது. எங்கள் சபையின் ஸ்பான்சரில் வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கும் நிலை. கட்டணம் மிகக் குறைவு. ஆனால் படிப்பு முடிந்ததும் சபை சொல்லும் மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். வட மாநிலமாகவும் இருக்கலாம். தோழிகள் மேற்படிப்புக்குப் போகும்போது நான் மட்டும் இரண்டு வருடத்தை வீணாக்க வேண்டுமா? அப்பா தென்னந்தோப்பை விற்றுத் தனியார் கல்லூரியில் சேர்க்கிறேன் என்கிறார். தங்கை பிளஸ் டூ முடிக்கிறாள். கோச்சிங் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்தச் செலவு மிச்சம். யாருக்கும் கட்டுப்படாமல் படிக்க ஆசைப்படுகிறேன். என்ன செய்யட்டும்?
ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: ஒவ்வொரு ஆண்டும் நீட் முடிவு வந்த கையோடு இந்தக் கடிதமும் வந்துவிடும். ஊர் மாறும், கல்லூரி மாறும். "வீணாகிவிடுமே" என்ற சொல் மட்டும் மாறாது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உன் தங்கை.

அவளுக்கு நீ ஒதுக்கியது ஒன்றிரண்டு வரி. அதிலும் பாதி செலவுக் கணக்கு. "அவளே சொல்லிவிட்டாள்" என்கிறாய். யாரிடம் சொன்னாள்? எப்போது? அடுத்த அறையில் அப்பா தரகரோடு தோப்பின் விலை பேசிக்கொண்டிருந்தபோதா? உனக்கு இரண்டு முறை பணம் கட்டிய வீட்டில், ஒரு சின்னப் பெண் தனக்கு ஒரு முறைகூட வேண்டாம் என்கிறாள். படிப்பு கசந்தா சொன்னாள்? கேட்டாயா? கேட்டிருந்தால் அதையல்லவா எழுதியிருப்பாய்? நீ எழுதியது "மிச்சம்" என்ற சொல்லை. மளிகைச் சீட்டில் எழுதுகிற சொல் அது.

யாருக்கும் கட்டுப்படாமல் படிக்க ஆசையாம். சபையின் பாண்டில், அதாவது ஒப்பந்தப் பத்திரத்தில், இரண்டு ஆண்டு என்று எழுதியிருக்கிறது. எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று தெரியும். தோப்பை விற்றுச் சேர்ந்தாலும் ஒரு பாண்டு உண்டு. யாரும் எழுத மாட்டார்கள், கையெழுத்தும் கேட்க மாட்டார்கள், முடிகிற தேதியும் இருக்காது.

என் அண்ணன் படிப்புக்காக எங்கள் வயல் போனது. அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் டவுன் பஸ் அந்த வரப்பைக் கடக்கும்போது முகத்தை எதிர்ப்பக்க ஜன்னலுக்குத் திருப்பிக்கொள்வார். கடைசிவரை அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் கையிலிருக்கும் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு டீச்சர் டிரெயினிங் போக ஆசை இருந்தது. வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இனி உன் இரண்டு வருடம். நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன். முடிக்கும்போது உனக்கு 25 வயது இருக்கும். தோழிகள் எல்லாம் மறுநாளே மேற்படிப்புக்குப் போய்விடுவார்கள் என்று யார் சொன்னது? பி.ஜி. நீட்டுக்காக ஒரு வருடம், இரண்டு வருடம் அறைக்குள் உட்கார்ந்து பழைய வினாக்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் டாக்டர்களைப் பற்றி உன் சீனியர்களைக் கேள். அதை யாரும் வீண் என்பதில்லை.

என் நாத்தனார் மகள் இதேபோலப் படித்துவிட்டு வடக்கே ஒரு சிறு ஆஸ்பத்திரிக்குப் போனவள். முதல் மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, பாம்பு கடித்த கூலிக்காரர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். என்ன பாம்பு என்று யாருக்கும் தெரியவில்லை. லேப் பூட்டியிருந்தது. ரத்தம் எடுத்து, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைத்திருந்து, பிறகு மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் தண்ணீர்போல ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் வேலையைக் காட்டிவிட்டது, விஷமுறிவு மருந்தை ஏற்றியாக வேண்டும். பாடத்தில் படித்ததுதான். ஆனால் அந்த 20 நிமிடமும் அவருடைய மனைவி இவள் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம். சாய்த்தபோது ஓடியது. மருந்து ஏற்றினாள். ஆள் பிழைத்தார். அப்போது இவளுக்குத் தெரிந்த இந்தி இருபது சொல் இருக்கும்.

சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் கதையைச் சொல்லி உன்னை உருக்கப் போவதில்லை. ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததும், 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கியதும் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பாய். 1918-இல் பெண்களுக்கென்று அங்கே மருத்துவப் பள்ளி திறந்தது, பார்க்க ஆளில்லாத நோயாளிகளைப் பார்க்கத்தான். இன்று கட்டணம் குறைவாக இருப்பதும் அதே காரணத்தால். கட்டணத்தை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு என்று சொல்லவில்லை. அப்பாவோடு சபை அலுவலகத்துக்குப் போ. எந்த ஆஸ்பத்திரி என்று யார் தீர்மானிப்பார்கள், மேற்படிப்பை முடித்துவிட்டு வந்து சேவை செய்யலாமா, சம்பளம் என்ன, இடையில் கல்யாணம், குழந்தை என்று வந்தால் எப்படி, மீறினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையெல்லாம் தாளில் எழுதி வாங்கு. இன்று தலையாட்டுகிறவர் ஆறு வருடம் கழித்து அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். "அப்புறம் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்று சொல்ல ஒரு மாமா எல்லா வீட்டிலும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்பதாக இருந்தால் இப்போதே விலகிக்கொள். உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு விற்கத் தோப்பு இல்லாமல் இருக்கலாம்.

உன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு பெண்களுக்கு உள்ள தோப்பை ஒருத்திக்காக விற்கச் சட்டம் உங்களை அனுமதிக்கலாம் ஐயா. நான் அனுமதிக்க மாட்டேன்.

நாளைக்கே கோச்சிங் சென்டருக்குப் போய் ஒரு விண்ணப்பம் வாங்கி வா. தங்கை முன்னால் வை, பேனாவோடு. வேண்டாம் என்றாளானால் ஏன் என்று கேள். பதில் வரும்வரை எழுந்து போகாதே. எனக்கு அடுத்த கடிதம் போடுவதாக இருந்தால், அதை அவளை எழுதச் சொல்.