பிறவியிலேயே சில நிரந்தரப் பற்கள் இல்லாதவர் யாராவது இருக்கிறீர்களா? வளர்ந்த பிறகு என்ன ஆகும்?

இருக்கிறேன். பினாங்கு, வயது 37. கீழ்வரிசையில் நடுவிலிருந்து எண்ணினால் ஐந்தாவது பல் எனக்கு இரண்டு பக்கமும் கிடையாது. வலப்பக்கம் அந்த இடத்தில் இன்னமும் பால்பல்தான். இந்தத் தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலையில் அதை வைத்துத்தான் கரும்பு கடித்தேன். (என் டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

இடப்பக்கக் கதை வேறு. பதினோரு வயதில் அங்கிருந்த பால்பல் சொத்தையானது. அம்மா பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனார். எக்ஸ்ரே எதுவும் எடுக்கவில்லை. "பால்பல்தானே, புதுசு முளைக்கும்" என்று பிடுங்கிவிட்டார்கள். இரண்டு வருஷம் நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பல்லைச் சாணியில் வைத்துக் கூரைமேல் எறியாததால்தான் முளைக்கவில்லை என்று பாட்டி தீர்ப்பே சொல்லிவிட்டார். அடுக்குமாடி வீட்டில் சாணிக்கு எங்கே போவது?

இடைநிலைப் பள்ளியில் முதல் வருஷம் (படிவம் ஒன்று) படிக்கும்போது, பள்ளிக்கு வந்த பல் மிஸ்ஸி (பல் நர்ஸ்) என் பற்களை எண்ணினார், மறுபடியும் எண்ணினார், கடிதம் கொடுத்து அனுப்பினார். தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் தொட்டுக் காட்டினார். இடப்பக்கப் பள்ளத்துக்குக் கீழே வெறும் எலும்பு. வலப்பக்கமும் அப்படித்தான், ஆனால் பால்பல்லின் வேர்கள் முழுசாக இருந்தன. புதுப் பல் கீழிருந்து ஏறி வரும்போதுதான் பால்பல்லின் வேர் வேகமாகக் கரையும். வர ஆளே இல்லையென்றால் அது பல வருஷம் நிற்கலாம்.

அபூர்வம் என்று பயப்பட வேண்டாம். ஞானப்பல்லைக் கணக்கில் சேர்க்காமலே நூற்றில் சுமார் ஆறு பேருக்கு ஒரு பல்லாவது இருக்காது. எனக்கு இல்லாத இந்தப் பல்லும், மேல்வரிசையில் நடு இரண்டு பற்களுக்குப் பக்கத்துப் பல்லும்தான் அடிக்கடி இல்லாமல் போகிறவை. பெரும்பாலும் குடும்பவழியில் வரும். எங்கள் பெரிய மாமாவுக்கும் மேலே ஓர் இடைவெளி உண்டு. அதிர்ஷ்டம் என்று சொல்லியே கல்யாணம் முடித்து வைத்தார்கள்.

அப்புறம், இடப்பக்கம் பின்னாலிருந்த கடைவாய்ப்பல் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்துவிட்டது. கம்பி போட்டு நிமிர்த்தி, 24 வயதில் இம்ப்ளாண்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்தேன். வளர்கிற வயதிலேயே வைத்திருந்தால், தாடை வளர வளர மற்றப் பற்கள் உயர்ந்துபோக, எலும்பில் திருகிய அது மட்டும் கீழேயே நின்றிருக்கும். ஒரு மோட்டார் சைக்கிள் விலை ஆனது. சொத்தையை அடைத்திருந்தால் அந்தப் பால்பல்லே இன்றுவரை ஓடியிருக்குமோ என்று இப்போதும் தோன்றும்.

பிள்ளைக்கு ஒரு பக்கம் பல் விழுந்து முளைத்து, மறுபக்கம் ஆறு மாதமாகியும் அசையவில்லையா? பிடுங்கச் சம்மதிக்கும் முன் எக்ஸ்ரே கேளுங்கள்.

என் மகளுக்குப் பத்து வயது. போன மாதம் எடுத்தோம். வலப்பக்கம் பல் மொட்டு தெரிகிறது, இடப்பக்கம் இல்லை. அந்த ஒரு பால்பல்லை மட்டும் ராத்திரியில் நானே துலக்கிவிடுகிறேன்.